மேல் தட்டில் வைத்த நாவல்

6.5.2024 திங்கள்
வளாக நூலகத்திலிருந்து நிவேதிகா வந்தார். பிறநாட்டுக் கதைகளின் தமிழ் மொழிபெயர்ப்புகளுக்குத் தனி அலுமாரி தொடங்குகிறார்களாம். நாற்பத்து மூன்று புத்தகங்கள் கொடுத்தேன். எதை எப்போது வாசித்து முடித்தேன் என்பதெல்லாம் கொப்பியில் உண்டு. ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். "சீதனத்தையெல்லாம் ஏத்தி அனுப்புறா" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

7.5.2024
விடியற்காலை சுபஹு தொழுது எழும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. இருபத்தேழாவது புத்தகம்!

அந்தக் காலத்தில் தமிழை வாசிப்பேன், எழுதக் கைவராது. குர்ஆன் ஓதப்பள்ளியில் பழகிய அரபெழுத்திலேயே தமிழை எழுதுவேன். அந்த நாவலில் ஒரு தாய் இறந்த பிள்ளையை மண்ணில் அடக்குகிற பக்கம். ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'அல்லாஹ், என் றப்பே, துறையடியில் உன்னைத்தானே கூப்பிட்டேன். உனக்குக் கேட்கவில்லையா?'

கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலம். மகனுக்கு எட்டு மாதம், கடும் காய்ச்சல், பெரியாஸ்பத்திரி அக்கரையில். தோணி வந்தபோது பிள்ளை இல்லை.

எல்லாம் கேட்பவனிடம் இப்படியா கேட்பது? குர்ஆன் ஓதத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் எழுத்துக் கூட்டினால் விளங்கிவிடுமே. அழித்துவிட வேண்டும்.

10.5.2024
போகவில்லை. என்ன சொல்லிக் கேட்பது? ஏலாது.

14.5.2024 செவ்வாய்
போனேன். நாவல்களோடு அது இல்லை. பதிவேட்டில் 'ஓரக்குறிப்புகள்: அரபு மொழி' என்றிருந்தது. அங்கே வேலை செய்யும் ஜவாஹிர் மேல் தட்டிலிருந்து, மார்க்கக் கிதாபுகளுக்கு நடுவே இருந்ததை எடுத்து, கண்ணில் ஒற்றித் தந்தார். "அரபெழுத்துத்தானே ராத்தா, கீழ வைக்க மனம் வரல்ல. எழுத்துக் கூட்டிப் பார்க்கல்ல, ஏதோ துஆ எண்டு நினைச்சன்."

நிவேதிகாவைத் தனியே கூப்பிட்டு, "அது அரபில்ல மகள், தமிழ்" என்று வாசித்துக் காட்டினேன். அவர் மேசையில் அழிறப்பரை வைத்தார். "உங்கட எழுத்து அன்ரி. அழிக்கிறதெண்டா அழியுங்கோ." வெளியே போய்விட்டார்.

றப்பர் கையில் இருக்கிறது. ஜவாஹிர் சொன்னதே காதில் நிற்கிறது. துஆ என்றால் அல்லாஹ்விடம் கேட்பது — வேறென்ன? அன்றைக்கு அவனைத் தவிர வேறு யாரிடம் கேட்டேன்?

அழிக்கவில்லை. பதிவேட்டில் 'அரபு' என்பதை மட்டும் 'தமிழ்' என்று திருத்தச் சொன்னேன். புத்தகம் நாவல்களோடு போய்ச் சேர்ந்தது.

2.6.2024 ஞாயிறு
நிவேதிகா எடுத்துத் தந்த வாசகர் அட்டையில் இரவல் வாங்கிய முதல் நாவல், பாதி வந்துவிட்டேன். நூலகப் புத்தகம், ஓரத்தில் எழுதக்கூடாது. இங்கே எழுதுகிறேன், தமிழ் எழுத்தில்: மகன் அஸ்ஹான் இருந்தால் இன்றைக்கு முப்பத்திரண்டு வயது.