உன் கூட்டத்துச் சர்க்கரை

அன்பு மகள் தூதாவுக்கு, உன் உம்மா இஜ்ஜா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் இருக்கிறேன், கை கால் ஒழுங்காக இருக்கின்றன, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, கூரை இந்த வருடப் பனியையும் தாங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அங்கே கனடாவில் உன்னையும் அல்லாஹ் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். ஹென்னு சாச்சியின் போனில் நீ பேசி அனுப்பியதை நேற்றுக் காலை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். படிப்பை விடுவதாக எழுதிய தாளை இன்னும் கொடுக்கவில்லை, உம்மாவின் கடிதம் வரும்வரை பையிலேயே இருக்கும் என்று சொன்னாய் பார், அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கியது. எத்தனை நாளாக நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு மாவு பிசைந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். போனில் உன் குரல் கேட்டதுமே அழுகை முந்திக்கொள்கிறது, சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிவாசல் வகுப்பில் கற்ற எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். வேறு யாரையும் விட்டு எழுதச் சொல்ல மனம் வரவில்லை. நாளை வாத்தியார் பட்டணம் போகிறார், ஹென்னு இதை அவர் கையில் சேர்ப்பாள்.

பஸ்ஸு சாச்சா உன்னிடம் போனில் சொன்னது எனக்கு அப்போது தெரியாது மகளே. வாப்பாவை அடக்கிய மறுநாள், ஒரே அண்ணனைப் பறிகொடுத்த சூட்டில் பேசியிருக்கிறார். சாவு வீட்டு நாற்காலியை உயிரோடு இருப்பவன் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டாயே, வேறு என்ன நடக்கும், படித்தது போதும், வந்து உம்மாவோடு இரு என்றாராம். நீ அதை அப்படியே மனதில் போட்டுப் பூட்டிக்கொண்டாய். வாப்பா போனதற்கு என் கூட்டம்தான் காரணம் என்று நீ போனில் அழுதபோது, வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அந்த நாளை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய், நான் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன் கேள். போன கோடையில் உன் பல்கலைக்கழகத்துக்காக ஊர்ப் பெண்களைக் கூட்டிவைத்து, புதுத் தண்ணீர்க் குழாய் எங்கே வேண்டும் என்று கேட்க வேண்டும் என்றாய். பெரிய தாள், கலர் பேனா எல்லாம் கொண்டுவந்திருந்தாய். எல்லோரும் ஒரே உயரத்தில் வட்டமாக உட்கார்ந்தால்தான் பேச்சு வரும் என்று சங்கத்து நாற்காலிகளைத் தூக்கி வரச் சொன்னாய். அந்த நாற்காலிகள் மவுத்துக்கு மட்டும்தான் வெளியே வரும் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், கல்யாணத்துக்குக்கூட நமக்குப் பாய்தான். ஆனால் நான் அடுப்படியில் இருந்தேன், நீ தாளில் இருந்தாய், இருவருக்கும் புத்தியில் ஏறவில்லை. அன்றைக்குச் செவ்வாய்ச் சந்தை, வாப்பா ஊரில் இல்லை. நாற்காலிகள் நம் வீட்டு வாசலுக்குள் போவதைப் பார்த்தவர்கள், உன் வாப்பா மோஹா சந்தைக்குப் போன இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பத்தொன்பது பெண்கள், துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கப்படி ஆளுக்கொரு நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பைத் தூக்கிக்கொண்டு, தெரு முழுக்க அழுதுகொண்டு வந்து நின்றார்கள். அழுகைக்கு நடுவில் நீ வரவேற்புரை படிக்கிறாய். நான் மாவுக் கையோடு ஓடிவந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறேன், ஹென்னு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு பொறுமையாயிரு என்கிறாள், எனக்கு உயிரே போய்விட்டது.

பிறகு லாரி வந்து நின்றது, வாப்பா ஒரு தர்பூசணியைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். யாரு போனது என்று அவர் கேட்க, ஹென்னு ஆரம்பித்த ஒப்பாரியைப் பாதியில் விழுங்கினாள். விஷயம் புரிந்ததும் அவர் அந்த நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். நீ தாளைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் போனாய். இரண்டு நாளில் விமானம், கையை முத்தமிட்டாய், முகத்தைப் பார்க்கவில்லை. உன் படிப்பைப் பார்த்துச் சிரித்தார் என்று நினைத்தாய். இல்லையம்மா. தனக்காக ஊர் அழுததைக் காதால் கேட்ட சந்தோஷம் அது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்கு வேறு பேச்சே இல்லை. ஹென்னுவைப் பார்க்கும்போதெல்லாம், "நீ அழுதது பத்தலை கொழுந்தியா, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தொண்டையத் திறக்கணும்" என்பார். அவளும் விடமாட்டாள், "நீங்க ஒழுங்கா செத்துக் காட்டுங்க மச்சான், நான் ஒழுங்கா அழுறேன்" என்பாள். வாப்பா போன அன்று அவள் அழுத அழுகையைச் சொல்லி மாளாது. வாக்குக் கொடுத்தவள்போல அழுதாள்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், வாப்பா உயிரோடு இருந்தவரை சொல்லவிடவில்லை. துக்கத்துக்குக் கொண்டுவந்த சர்க்கரையை யாரும் திருப்பி எடுத்துப் போகமாட்டார்கள் அல்லவா, அந்தப் பத்தொன்பது கூம்பும் நம் வீட்டிலேயே தங்கிவிட்டன. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது, ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். வாப்பா ஒவ்வொன்றாகத் துடைத்து பார்லிப் பெட்டிக்குள் அடுக்கினார். "இது என் மவுத்துக்கு வந்த சக்கரை இல்ல, நான்தான் சாகலையே. புள்ள கூட்டத்துக்கு வந்தது. கூட்டம் இன்னும் நடக்கல. நடக்குற வரைக்கும் தொடாதே" என்றார். தையில் பனி வழியை மூடி, கடையிலும் சர்க்கரை தீர்ந்து, ஊரே இனிப்புக்கு ஏங்கியபோது அவர் பதினொரு நாள் சர்க்கரை இல்லாமல் தேநீர் குடித்தார். உன் வாப்பா, இனிப்புக் குறைந்தால் தம்ளரையே தள்ளிவைக்கிறவர், முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு குடித்தார். ஒன்றை உடைக்கட்டுமா என்று கேட்டதற்கு முறைத்தார். உனக்குச் சொல்லட்டுமா என்றதற்கு, சொன்னால் அதையும் அவள் தாளில் எழுதிவிடுவாள் என்றார். அதுதான் மகளே உன் வாப்பாவுக்கு உன் மேல் இருந்த கோபம்.

அவர் போன விதம் உனக்குத் தெரியும், விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கோவேறு கழுதைக்குச் சேணம் கட்டியவர் அப்படியே அதன் மேல் சாய்ந்தார், அது அசையாமல் நின்றது. அதற்கு மேல் எழுதவில்லை. நான் வெள்ளை உடுத்தி இத்தாவில் உட்கார்ந்தேன், வாசலைத் தாண்டி ஐம்பது நாளாகப் போகிறது. போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. ஆண்கள் முற்றத்தில், பெண்கள் உள்ளே. சாவுக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை, அதனால் யாரும் விட்டுப்போகவும் இல்லை. மேட்டு வீட்டு மமாஸ்கூட வந்தாள், இடுப்பு விளங்காதவள், கழுதை மேல் வைத்துக் கொண்டுவந்தார்கள். போன வருடம் உன் கூட்டத்துக்கு அழைக்க எழுதிய தாளில் அவள் பெயர் இல்லை தூதா. உன்னைக் குறை சொல்லவில்லை, பெயர்களை உனக்குச் சொன்னவளே நான்தான், எனக்கே ஞாபகம் வரவில்லை. ஓதி முடித்துக் குஸ்குஸ் தட்டில் கை வைத்ததும் ஆண்கள் குழாய்ப் பேச்சை எடுத்தார்கள். பள்ளிவாசல் சுவரோரம் இடம் குறித்து முளை அடித்தாகிவிட்டது, அடுத்த வாரம் குழாய் வருகிறது என்று பஸ்ஸு சாச்சா சொன்னது உள்ளே கேட்டது. ஹென்னு, அவர் பெண்சாதியாக இருந்தும், தன் தட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் சத்தமாக, "அங்க வெச்சா ஆம்பளைங்க தொழ வர்ற அஞ்சு வேளையும் நாங்க குடத்தை வெச்சுட்டு சுவரைப் பாத்துத் திரும்பி நிக்கணும்" என்றாள். பெண்கள் பேச்சு முற்றம்வரை கேட்கிறது என்று அவர் வெளியிலிருந்து சொன்னார். கேட்கத்தான் பேசுகிறோம், நீங்க சாப்பிடுங்க என்றாள் இவள். மவுத்து வீட்டில் பெண்களை அதட்டுகிற வழக்கம் நம்மிடம் இல்லை, அது அன்று நமக்கு நல்லதாயிற்று. ஒருத்தி ஆரம்பித்ததும் எல்லோரும் ஆரம்பித்தார்கள். போன வருடம் பேனாவைக் கையில் கொடுத்தும் பேசாதவர்கள். கடைசியில் மமாஸ் பேசினாள். "முப்பது வருஷமா நான் யார் வீட்டுத் தண்ணியக் குடிக்கிறேன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? அத்தி மரத்து வளைவுல வைங்க. அங்கன்னா எனக்குப் படி இல்ல, உக்காந்தே நகர்ந்து வந்துடுவேன்."

நீ முதல் வருடம் வந்தபோது, எல்லோரையும் சேர்த்துக்கொண்டு ஊரை நடத்துவது எப்படி என்றுதான் படிக்கிறேன், யார் வரவில்லை என்று பார்ப்பதுதான் முதல் பாடம் என்றாய். இதற்கு ஒரு படிப்பா என்று வாப்பா கேலி செய்தார். எனக்கு அது அந்த அடுப்படியில் நினைவு வந்தது. இதுதானே உன் கூட்டம் என்று தோன்றியது. எழுந்து போய்ப் பார்லிப் பெட்டியைத் திறந்தேன். முதல் கூம்பை எடுத்து, நீலத்தாளைப் பிரித்து, பித்தளைச் சுத்தியால் உடைத்தேன். என்ன சர்க்கரை இது, தாள் வெளுத்திருக்கிறதே என்று ஹென்னு கேட்டாள். தூதாவின் கூட்டத்துச் சர்க்கரை, அவர் வைத்திருந்தது என்றேன், பனிக்காலத் தேநீர் கதையையும் சொன்னேன். முற்றத்திலும் கேட்டிருக்கிறது. பஸ்ஸு சாச்சாவின் தம்ளர் போனபடியே திரும்பி வந்தது, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சற்றுக் கழித்து, ஆறியதைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றித் தரச் சொன்னார். அன்று ஆறு கூம்பு உடைந்தது.

மறுநாள் காலை அவரே போய்ப் பள்ளிவாசல் ஓரத்து முளையைப் பிடுங்கி அத்தி மரத்தடியில் அடித்திருக்கிறார். அது முடிந்து நம் வீட்டுக்கு வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார், நான் இந்தப் பக்கம். "அண்ணி, புள்ளைகிட்ட நான் சொன்னது தப்பு. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல, நீங்க எழுதுங்க. முடிச்சுட்டே வரட்டும்" என்றார். கதவுக்குப் பின்னால் மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் நாற்பது நாளாகப் பிடித்திருந்த மூச்சு வெளியே வந்தது. அவரை மன்னித்துவிடு, கோபத்தை நீட்டாதே.

நான் தனியாக இருக்கிறேன் என்று அந்தத் தாளை எழுதியிருந்தால் அதுவும் இனி இல்லை. மமாஸ் அன்று இறங்கியவள் திரும்ப ஏறவில்லை, இங்கேயே இருக்கிறாள். என் ரொட்டி வேகவில்லை, ஆடு கத்துகிறது, வெள்ளையில் நான் பேய் மாதிரி இருக்கிறேன் என்று நாள் முழுக்க ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் ஒரு சத்தம் இருக்கிறது. வாப்பாவின் மேலங்கி ஆணியில் அப்படியே தொங்குகிறது, அதைத் துவைக்கலாம் என்றதற்கு மட்டும் அவளைத் திட்டினேன். அழுகை வருகிறபோது அழுகிறேன், மற்ற நேரம் நன்றாகத்தான் இருக்கிறேன், மறைக்கவில்லை.

நீ பையில் இருக்கும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எனக்கு ஒரு வார்த்தை பேசி அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு, கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே, தொழுகையை விடாதே, வாப்பாவுக்கு துஆ கேள். அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்யட்டும், நீ நடக்கிற பனியில் உன் கால் வழுக்காமல் காக்கட்டும். பெட்டியில் இன்னும் பதின்மூன்று கூம்பு இருக்கிறது, எறும்பு ஏறாமல் துணி சுற்றி வைத்திருக்கிறேன், நானும் அதைத் தொடமாட்டேன். முடித்துவிட்டு வந்து உன் கூட்டத்தைக் கூட்டு. நாற்காலி மட்டும் வேண்டாம் மகளே, பாய் விரித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் வரவுக்குத் தேநீர்ப் பாத்திரத்தைத் துலக்கி வைத்திருக்கும்
உம்மா இஜ்ஜா