பிரச்சினை இல்லாத ஊர்

தொண்டாமுத்தூர்
5.6.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் முழங்கால் தேவலையா? போன் போட்டால் எந்நேரமும் கோவையில் கூட்டத்தில் இருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஊராரின் பூச்சிமருந்தைப் பூட்டிவைத்திருந்த பொது அறையைக் காலி செய்து, டப்பாக்களை அவரவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டீர்கள். அந்த அறை வந்தபின் நம் ஊரில் மருந்தைக் குடித்து ஒரு சாவும் இல்லை. சாவி வைத்திருந்தவள் நான். எந்த முகத்துக்கு மருந்து தரக்கூடாது, யாரை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். இப்போது அந்த முகம் என் வீட்டிலேயே இருக்கிறது. காற்றில் வாழை சாய்ந்ததிலிருந்து உங்கள் மாப்பிள்ளை சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. எங்கள் டப்பாவை ஒளித்துவிட்டேன். பக்கத்துத் தோட்டங்களில் வெளியிலேயே கிடக்கிறது. அறையைத் திரும்பத் திறங்கள், அண்ணா.

உங்கள் தங்கை
பொற்கொடி


கோவை
9.6.2023

அன்புத் தங்கைக்கு,

ஊராட்சித் தலைவன் தங்கைக்காக முடிவை மாற்றலாமா, கண்ணு? ‘தற்கொலை இல்லாத ஊராட்சி’ விருதுக்குக் குழு வருகிறது. பூட்டைப் பார்த்தால், இங்கே என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். பிரச்சினை இல்லாத ஊருக்குத்தான் விருது. அறையில் டைல்ஸ் ஒட்டி, ‘துணிவே துணை’ என்று எழுதியாயிற்று. மாப்பிள்ளையைத் தினமும் போய்ப் படிக்கச் சொல்.

கேடயம் வைக்க இரும்பு அலமாரி வாங்கி ஊராட்சி ஆபீசில் வைத்திருக்கிறேன். நல்ல பூட்டு. பாதுகாப்பில் அலட்சியம் கூடாது.

அன்புடன்
கதிரேசன்


கோவை, பெரியாஸ்பத்திரி
17.6.2023

அண்ணா,

அவர் பிழைத்துக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்து வெங்கடம்மாள் பார்த்துச் சத்தம் போட்டதால் ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்தது. கண் விழித்ததும், “ஏம்மணி, மச்சானுக்கு விருது போச்சா?” என்று கேட்டார். ஒருமுறை வந்து பாருங்கள்.

பொற்கொடி


கோவை
18.6.2023

அன்புத் தங்கைக்கு,

கடவுள் இருக்கிறார். தெரிந்த ஆளைப் பிடித்து, ஆஸ்பத்திரிச் சீட்டில் வயிற்றுவலி என்று எழுதவைத்துவிட்டேன். நம் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதானே வழக்கம். விழா முடியும்வரை மாப்பிள்ளை கோபியில் அவர் அக்கா வீட்டில் இருக்கட்டும். ஊரில் தலை காட்ட வேண்டாம். ஆரஞ்சு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

கதிரேசன்


தொண்டாமுத்தூர்
2.7.2023

தலைவர் அவர்களுக்கு,

வயிற்றுவலிக்காரருக்கு மனநல டாக்டர் எதற்கு என்று வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நானே உண்மையைச் சொல்லிச் சீட்டைத் திருத்தவைத்தேன். டாக்டரம்மா வந்து நெடுநேரம் பேசினார். தொடர்ந்து வரச் சொல்லியிருக்கிறார். நேற்று இவர் ரசஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

விருதுக் குழு என்னையும் விசாரித்தது. மறைக்கவில்லை. கேடயம் வராது.

அலமாரி வீணாகிறதே என்று வருந்த வேண்டாம். ஊரார் டப்பாக்களைக் கொண்டுவந்து அதில் அடுக்கிவிட்டோம். நீங்கள் சொன்னது சரி, நல்ல பூட்டு. சாவி என்னிடம் இருக்கிறது.

உங்கள் தோட்டத்து டப்பாவும் உள்ளேதான். விருது போன துக்கத்தில் நீங்கள் வந்து கேட்டாலும் தரமாட்டேன்.

பொற்கொடி