கை சரியாகும் வரை

ஜனவரி 4, வியாழன்

பால் சட்டியை இறக்கும்போது வலது கையில் பிடி நழுவிப் பால் முழுக்கத் தரையில். முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. துடைத்த துணியைப் பிழிய முடியவில்லை. வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். போன வருடம் பக்கவாதம் வந்ததில் பேச்சு திரும்பிவிட்டது, இடது பக்கம்தான் திரும்பவில்லை. "அப்ப காப்பி இல்லையா?" என்றார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஜனவரி 8, திங்கள்

எதிர்வீட்டு சைதூன் அக்கா, "சுளுக்குதான், உருவி விட்டாச் சரியாப் போகும்" என்று பேகம்பூரில் ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனார். பெரியவர் எண்ணெய் போட்டு, வலிக்கிற இடத்திலேயே கட்டைவிரலை அழுத்தி உருவினார். உயிர் போனது. நல்லது என்று நினைத்துக்கொண்டேன். வலித்தால்தான் வைத்தியம் என்பது நம் ஊர்ச் சட்டம்.

ஜனவரி 12, வெள்ளி

மறுபடியும் போய் உருவியாயிற்று. இப்போது சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

ஜனவரி 17, புதன்

பிசியோதெரபி பார்க்கும் ஜீவிதா தொட்டதுமே, "டென்னிஸ் எல்போ, அக்கா" என்றாள். நான் டென்னிஸ் மட்டையைக் கடையில்கூடப் பார்த்ததில்லை என்றேன். சிரித்தாள். மணிக்கட்டைத் தூக்கும் தசையெல்லாம் முழங்கையில் ஒரே இடத்தில் போய் ஒட்டுகிறதாம். அந்த இடம் நைந்திருக்கிறதாம். சுளுக்கே இல்லை. உருவியதில் இன்னும் புண்ணானதுதான் மிச்சம்.

"அப்படி என்னக்கா வேலை பாக்குறீங்க?"

"வீட்ல சும்மாதான் இருக்கேன்."

பிறகு யோசித்துச் சொன்னேன். அவரைத் தூக்கி உட்கார வைப்பது, கழிப்பறைக்குத் தாங்கிப் போவது, நனைந்த விரிப்பைத் தினமும் அலசிப் பிழிவது. எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை வைத்துவிட்டாள். "ரெண்டு மாசமாச்சும் அவரத் தூக்கக் கூடாதுக்கா. தூக்குனா இது ஆறாது."

நான் தூக்காமல்? வேறு யார்?

ஜனவரி 20, சனி

ஆயக்குடியிலிருந்து நாத்தனார் சண்முகவள்ளி போன் செய்தாள். "மதினி, அண்ணன நாங்க பாத்துக்கறோமுங்க. இங்க ரெண்டு ஆம்பளைக இருக்காங்க. உங்க கை சரியாகற வரைக்கும் இருக்கட்டுங்க." அவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "அனுப்பிரு. சரியானதும் வந்து கூட்டிக்க" என்றார்.

ஜனவரி 23, செவ்வாய்

விட்டுவிட்டு வந்தேன். தைப்பூசத்துக்கு நடந்து போகிற கூட்டத்தில் கார் ஊர்ந்துதான் போனது. கிளம்பும்போது அழுகை வரும் என்று முந்தானையைப் பிடித்தபடி நின்றேன். ஒன்றும் வரவில்லை. என்ன பொம்பள நான்? கட்டுன புருசன விட்டுட்டு வாரேன், நெஞ்சு கல்லாட்டம் கெடக்கு.

பிப்ரவரி 11, ஞாயிறு

தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்குவதுதான் பயிற்சி. "பொறுக்குற வலின்னாச் செய்யுங்கக்கா. மறுநாளும் வலிச்சா வெயிட்டக் கொறைங்க." மத்தியானம் படுத்தவள் நாலரைக்குத்தான் எழுந்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

இன்றும் தூங்கினேன்.

மார்ச் 9, சனி

பிடி வந்துவிட்டது. என்னைவிட ஜீவிதாவுக்குத்தான் சந்தோஷம். அவரை எப்படித் தூக்க வேண்டும் என்றும் காட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். "இப்படித் தூக்குனாத் திரும்ப வராதுக்கா." தலையாட்டினேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

காலையில் நிறைகுடத்தை வலது கையால் தூக்கி மேடையில் வைத்தேன். வலி துளியும் இல்லை. பத்து மணிக்குச் சண்முகவள்ளி போன் செய்தாள். "மதினி, கை எப்படிங்க இருக்குது? அண்ணன் தெனமும் கேக்குது."

"இன்னும் வலிக்குது வள்ளி" என்றேன்.

பின்னால் அவர் குரல் கேட்டது. "பாவம், இம்புட்டு நாளா நான் தொங்குன கைதான அது. அவசரமில்ல, நல்லா ஆறட்டும்னு சொல்லு."

போனை வைத்த பிறகும் வலது கையைச் சேலைக்குள் மறைத்தே வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது. நாளைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.