நான் விரித்துத் தந்த கம்பளி

என் தங்கை விசாலம்,

நீ போய் ஒன்பது மாதமாகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பது உனக்கே தெரியும். ஆனால் இந்தச் செய்தியை உன்னை விட்டு வேறு யாரிடம் முதலில் சொல்வேன்? மற்றவர்களும் படிக்கட்டும். ஒளிக்கப் போவதில்லை.

மலைமேல் வாசலூர்பட்டி மருத்துவமனையில் உன் இடத்துக்கு ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறாள். மலைக்குப் போய்வர உன் பழைய காரைக் கேட்டாள். துருப்பிடித்த இடங்களை வெட்டிப் புதுத் தகரம் வைத்துக் கொடுக்கலாமென்று காளப்பநாயக்கன்பட்டியில் மணியின் பட்டறையில் விட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. கண்ணால் பார்க்காமல் எந்த வேலையையும் நான் நம்பமாட்டேனே. தினமும் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாளே மணிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க டீச்சர், என்னைய வேவு பாக்கற நேரத்துக்கு இந்தக் கம்பியவாச்சும் புடிக்கலாமுங்களே?"

"கார்பைடுல தண்ணி பட்டா என்ன வாயு வரும்னு இருவது வருசமாப் பாடம் நடத்தறேன், மணி."

"வாயு வருமுங்க. அதைய வெச்சு ஒரு தகரத்தையாச்சும் ஒட்டியிருக்கறீங்களா?"

ஒட்டியதில்லை. கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். முதல் நாள் ஒட்டவேண்டிய இடத்திலெல்லாம் ஓட்டை போட்டேன். தீயை ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது. இரும்பு உருகிச் சின்னக் குட்டைபோல் நிற்கும். அதை நகர்த்திக்கொண்டே போகவேண்டும், கம்பியை அதில் தொட்டுத் தொட்டு எடுக்கவேண்டும். ஒரு வாரத்தில் கதவின் அடிப்பக்கத்தை நானே வெல்டிங் செய்தேன். "மண்புழு ஊந்த மாதிரி இருக்குதுங்க. ஆனாப் புடிச்சிருக்குது" என்றான் மணி. பட்டம் வாங்கிய நாளில்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதற்கு மறுநாள்தான் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றினான். உன் காலடியில் நான் விரித்துத் தந்த தடித்த கம்பளி அப்படியே கிடந்தது. அதைப் புரட்டினான். அடிப்பக்கம் முழுக்கக் கரி. அதற்குக் கீழே தரைத் தகரம் துருவில் இற்று, ஒரு கை நுழையும் ஓட்டை. ஓட்டைக்கு நேர் கீழே புகைக்குழாய் வெடித்திருந்தது. மணி உள்ளே கையைவிட்டு எடுத்தான். கை கருப்பாக வந்தது.

"டீச்சர், நம்ம டாக்டரம்மாவுக்கு அப்பத் தலவலி வருமுங்களா?"

வரும். மலைக்குப் போய்வந்த நாட்களில் மட்டும் வரும். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொள் என்று உனக்குச் சொன்னவள் நான்.

என்ஜின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, நிறமில்லை, மணமில்லை, கொல்லும். கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்? "காலுல ஜில்லுன்னு காத்து அடிக்குதுக்கா" என்று நீ சொன்னபோது, குனிந்து பார்க்காமல் கம்பளியை விரித்தேன். உனக்கு மூச்சிரைப்பு, பனி ஆகாது, ஜன்னலைத் திறக்காதே என்றும் சொன்னேன். நீயும் டாக்டர்தானே விசாலம், உனக்குமா தோன்றவில்லை? அல்லது அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாயா?

அன்று மழையில் கொண்டைஊசி வளைவில் மரம் விழுந்து கிடந்தது. உன் மருந்துப் பெட்டியைத் தூக்கிவரும் மலைமேல் திருப்புலி நாட்டுச் சின்னப்பன், மரத்தை வெட்ட இறங்கிப் போனான். பேட்டரி பலவீனம், நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று நீ என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தாய். அவன் திரும்பி வந்தபோது நீ தூங்குவதுபோல் இருந்தாயாம். முகம் சிவந்திருந்ததாம், அந்த வாயு ஏறினால் அப்படித்தான் சிவக்கும். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிற நான் அதற்கு மட்டும் கேட்கவில்லை.

சின்னப்பன் வேறு காரணம் சொன்னான். அன்று காலை அந்த வளைவில் இருக்கும் முனியப்பன் சாமிக்குத் தேங்காய் உடைக்க மறந்துவிட்டானாம். உன்னைக் கிடத்தியிருந்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும், "முட்டாள்தனமாப் பேசாதே" என்று கத்தினேன். அதன்பின் அவன் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. மிளகு மூட்டையோடு நடந்தே இறங்குகிறான், நடந்தே ஏறுகிறான்.

அவனைப் பட்டறைக்கு வரச் சொல்லியனுப்பினேன். நடந்தே வந்தான். காருக்கு ஓரடி தள்ளியே நின்றான். ஓட்டையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பக் காய் உடைக்காததுனால இல்லீங்களா, டீச்சரம்மா?"

"இல்ல சின்னப்பா. நான் விரிச்ச கம்பளி."

தரையில் உட்கார்ந்துவிட்டான். "அதே வண்டீல வந்த எனக்கு ஏனுங்க ஒண்ணும் ஆவுல?" என்றான்.

"வெத்தலை துப்பறதுக்கு உன் பக்கத்து ஜன்னலைத் தொறந்தே வெச்சிருப்பே. அதுக்கும் உன்னைத் திட்டினேன்."

அவன் சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மணி குழாயை மாற்றினான். தரையை மட்டும் நானே ஒட்டுகிறேன் என்றேன். ஒட்டி முடித்ததும் மணி, "சின்னப்பண்ணா, அந்தச் சுண்ணாம்பு டப்பாவக் குடுங்க" என்றான். ஒட்டின் அடியில் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, மேலே மண்ணெண்ணெய் ஊற்றினால், ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் வெள்ளையில் கறை தெரிந்துவிடுமாம். சின்னப்பன் டப்பாவைக் கொடுக்கவில்லை. காருக்கு அடியில் அவனே படுத்துப் பூசினான்.

காய்ந்ததும் மேலே ஊற்றினேன். "தெரியுதா?"

"ஒரு பொட்டுக் கருக்குதுங்க."

எண்ணெயைத் துடைத்துக் காயவிட்டு, மறுநாள் அந்த இடத்தைத் திரும்ப ஒட்டினேன். அவன் திரும்பப் பூசினான், காய்ந்ததும் நான் திரும்ப ஊற்றினேன். கால்மணி நேரம் அவன் அடியிலேயே கிடந்தான். நான் மேலே முட்டிபோட்டுக் கிடந்தேன்.

"வெள்ளையாவே இருக்குதுங்க" என்று குரல் வந்தது. வெளியே ஊர்ந்து வந்து, "வர்ற திங்கக்கெழம நானும் வண்டியிலயே வாரனுங்க."

திங்கட்கிழமை புது டாக்டரோடு நாங்கள் இருவரும் போகிறோம். நான்கு ஜன்னலும் திறந்திருக்கும். அந்த வளைவில் அவன் காய் உடைக்க இறங்குவான். நானும் இறங்கி நிற்பேன். கும்பிடுவேனா என்று மட்டும் கேட்காதே. மாதம் ஒருமுறை இந்தக் காருக்கு அடியில் படுத்து, என் கண்ணாலேயே பார்ப்பேன். அந்தப் பெண் தலை வலிக்கிறது என்றால், அதைவிடச் சிறிதாக எதைச் சொன்னாலும், முதலில் குனிந்து பார்ப்பேன்.

நீ சொன்னபோது குனியாத,
உன் அக்கா