எனக்கும் ஊத்துங்க, டீச்சர்

இன்று காலை பாடசாலை அலுவலகத்தைக் கழுவியிருந்தார்கள். வாசலிலேயே கிருமிநாசினி நெடி மூக்கில் ஏறியது. வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே ஓடி மதில் ஓரம் நின்றேன். நீங்கள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் மூன்று மாதமாகிறது, டீச்சர். அந்த நெடியைப் பற்றி உங்களிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

துளசியை நம் பாடசாலையில் சேர்க்க வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளுடைய அம்மா இங்கே எல்கடுவைத் தோட்டத்தில் பிறந்து, இனக் கலவரத்தின்போது கைக்குழந்தையாகக் கப்பலேறியவர். இந்தியாவில் அகதி முகாமிலேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, கணவர் இறந்தபின் மகளோடு திரும்பி, அக்காவின் லயக் காம்பராவில், தோட்டத்து வரிசைவீட்டு அறையில், ஒண்டியிருந்தார்.

“பொறப்புப் பதிவு இல்லாம நான் எடுக்க ஏலாது” என்றார் அதிபர்.

நீங்கள் எங்கள் ஆலோசனை ஆசிரியை. “பேப்பர நான் கொண்டு வாரேன் சேர். அது வரைக்கும் புள்ள வகுப்புல இருக்கட்டும்” என்றீர்கள்.

அதற்கு அதிபர் பழிவாங்கியது அடுத்த திங்கட்கிழமை, காலைக் கூட்டத்தில். துளசியை மேடைக்கு முன்னால் கூப்பிட்டார். “முகாம்ல இருந்து வந்த புள்ள. சொறி சிரங்கு இருந்தா எல்லாருக்கும் ஒட்டிக்கும்” என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். அலுவலகம் கழுவும் கிருமிநாசினிப் போத்தலை என் கையில் கொடுத்தார். “கையில ஊத்துங்க டீச்சர்.”

நான் ஊற்றினேன்.

தண்ணீர்கூடக் கலக்காத கிருமிநாசினி. பதினொரு வயதுப் பிள்ளை, கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள். சில பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். எங்கள் டீச்சர்மாரிலும் ஒருவர் சிரித்தார்.

நீங்கள் வரும் உக்குவளை பஸ் அன்று தாமதம். தோளில் பையோடு வரிசைகளுக்கு நடுவே நேராக நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றீர்கள். கைகளை நீட்டினீர்கள்.

“எனக்கும் ஊத்துங்க, டீச்சர். நானும் வெளிய இருந்துதான் வாரேன்.”

ஊற்றலாமா என்று நான் அதிபரின் முகத்தைப் பார்த்தேன். அவரைவிட அந்தப் பார்வைதான் எனக்கு இன்று அருவருப்பாக இருக்கிறது. அவர், “சரி சரி, எல்லாரும் வகுப்புக்குப் போங்க” என்று முணுமுணுத்தார். நீங்கள் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டீர்கள்.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் உழைப்பு. பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்கார மறுத்தபோது பல்லேபொல வரைக்கும் போய்ப் பெற்றோரிடம் பேசினீர்கள். இடைவேளைகளில் சிங்கள எழுத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். பதிவுக்காக அந்த அம்மாவோடு கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு, நடையாய் நடந்தீர்கள்.

அந்தக் காலைக் கூட்டத்தைப் பற்றி வலயக் கல்வி அலுவலகத்துக்கு நீங்கள் எழுதிய முறைப்பாட்டில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். “தூரத்துக்கு மாத்திருவாங்க. அதிபர் சொன்னதச் செய்றதுதானே ஒழுங்கு?” என்றேன். கடிதத்தை மடித்துப் பையில் வைத்தீர்கள். “பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. அத ஒழுங்குன்னு சொல்லாதீங்க.” தனியாகவே அனுப்பினீர்கள். பதில் வரவில்லை.

உங்களுக்கான இரங்கல் கூட்டத்தில் அதே அதிபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அகதிப் புள்ளைகள நானும் டீச்சரும் சேந்துதான் அரவணைச்சோம்” என்றார். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். பாதியில் கை நின்றது, ஆனாலும் தட்டினேன்தான்.

கூட்டம் முடிந்து துளசி கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தாள். இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற வகுப்பு. என்னைவிட உயரம். கிட்டப்போய், “அன்னைக்கு நான் செஞ்சது பெரிய பிழை, துளசி” என்றேன்.

கையிலிருந்த கதிரையைச் சுவரில் சாய்த்தாள்.

“தெரியும் டீச்சர்.”

அவ்வளவுதான். அடுத்த கதிரையை எடுக்கப் போய்விட்டாள். அந்த இரண்டு சொற்களோடுதான் தினமும் வகுப்புக்குள் போகிறேன்.