கடைத் திறப்பு இல்லையாம்

2005 மார்ச் 15, செவ்வாய்

நேற்று மாலை அம்மா வேலையால் வந்த கையோடு, பக்கத்து வீட்டு ஓட்டோக்கார ராசன் மாமா வாசல் படலையடியில் நின்று சொன்னார்: "அக்கா, முதலாளி சொல்லச் சொன்னவர். நாளைக்குக் கடைத் திறப்பு இல்லையாம்."

நான் பிறக்கும் முன்பே அம்மா அந்தப் புடவைக் கடையில் சேர்ந்துவிட்டார். சுனாமியன்று கடல் வந்து துணியெல்லாம் நனைந்ததிலிருந்து வியாபாரம் இல்லை. கூட வேலை செய்த மற்ற இருவரையும் நிறுத்தியாயிற்று. கடை இனித் திறக்காது என்றே விளங்கிக்கொண்டோம். அம்மா சாப்பிடவில்லை. செலவு குறையட்டும், ரியூசனை விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

தன்னிடமிருந்த கடைத் திறப்பை ஒப்படைக்க இன்று காலை அம்மா போனார். பூட்டிய கடைவாசலில் முதலாளி நின்றாராம். அம்மாவின் கையில் திறப்பைக் கண்டதும், "அல்ஹம்துலில்லாஹ்! என்ட திறப்பு ஆத்துக்குள்ள விழுந்துட்டு புள்ள. உங்கடதோட வெள்ளண வரத்தானே ஆள் அனுப்பினேன்!" என்றாராம்.

திறப்பு என்றால் சாவியும்தான், திறப்பதும்தான். தமிழ்ப் பாடத்தில் முதலாவதாக வரும் எனக்கே அது தோன்றவில்லை.

மாலையில் அம்மா ராசன் மாமாவைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னதில என்ன பிழை அக்கா? திறப்பு இல்லையெண்டுதானே சொன்னன்!" சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரையேறியது.

இன்றும் கடைக்குச் சனம் வரவில்லையாம். அடுத்த மாதம் எப்படியோ.

திறப்பு மறுபடி எங்கள் வீட்டுச் சுவர் ஆணியில் தொங்குகிறது. காற்றுக்குச் சுவரில் தட்டுகிறது. தட்டட்டும், நான் தூங்கிவிடுவேன்.