பனிமாமனைக் கேட்டு வந்த கப்பல்

கடல் காக்க, கரை செழிக்க. ஆழிமுனை நாட்டின் வெண்குடைக்கு உரியோளும், சங்கு இலச்சினை தாங்கியோளும், முத்துத்துறைகள் அனைத்துக்கும் உடையோளுமாகிய கொன்றைநங்கை மாதேவி, நெடுந்துறைப் பட்டினத்தின் காவலர் நாகன் வேளாருக்கு விடுக்கும் ஓலை. உமது துறையில் கலங்கள் நலமே கரை சேர்க, உப்பளங்கள் விளைக, உம் மனையிலுள்ளோர் நோயின்றி வாழ்க.

வடபனி நாட்டுத் தூதர் கப்பலோடு வந்து நிற்பதும், முதுவணிகர் யெர்மொலாயைத் தம்மிடம் ஒப்படைக்கக் கேட்பதும், மறுத்தால் இனி ஒரு குதிரையும் தென்கடலுக்கு வாராது என்று உரைப்பதும் உமது ஓலையால் அறிந்தோம். அந்நாட்டு அரியணைக்கு உடன்பிறந்தார் இருவர் போரிட்டபோது இவர் இளையவருக்குப் பொன் அனுப்பினார், மூத்தவர் வென்றார், ஆதலால் அங்கே இவருக்குக் காத்திருப்பது கொலைவாளே என்பதை நீரும் மறைக்கவில்லை. அயலார், முதியவர், நம் தயவில் செல்வம் சேர்த்தவர், இப்படி ஒருவருக்காகக் குதிரைப்படையை இழப்பது அரசுக்கு அழகன்று என்று எழுதியிருக்கிறீர். உமது அறிவுரையில் குற்றம் காணோம். ஆயினும் கட்டளை இடுமுன் சில பழைய நாள்களைப் பேச மனம் விழைகிறது, பொறுத்துக் கேளும்.

அவர் முதன்முதல் நம் துறையில் இறங்கியது கொளுத்தும் சித்திரையில். கொண்டுவந்த சரக்கோ மூட்டை மூட்டையாகக் கரடித்தோலும் நரித்தோலும்! உப்பு காய்கிற வெயிலில் அவற்றைப் பரப்பி வைத்து, முகம் மிளகாய்ப் பழமாய்ச் சிவக்க உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க ஊரே திரண்டது, வாங்கத்தான் ஆளில்லை. நாம் அப்போது சிறுமி. பல்லக்குத் திரையை விலக்கிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தோம். அவர் கோபிக்கவில்லை, தம் சரக்கைத் தாமே ஒருமுறை பார்த்துவிட்டு நம்மோடு சேர்ந்து சிரித்தார். இவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று எந்தையார் சொன்னார். அப்படியே ஆயிற்று. முத்தைப் பொதிந்து அனுப்ப நரித்தோல் எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று முத்து வணிகருக்குக் காட்டி அத்தனையும் விற்றார். மிளகேற்றிக்கொண்டு வடக்கே போனார். மறு பருவத்தில் குதிரைகளோடு திரும்பினார். அந்நாளின் நெடுந்துறையை, அந்தக் குதிரைகள் அலைக்குள் இறங்கி நீந்திக் கரையேறிய காலையை, இன்று நினைத்தாலும் நெஞ்சு இனிக்கிறது.

எந்தையார் மறைந்தபின் நமக்கு முடி சூட்டிய நாளை நீரும் கண்டீர். முடிக்கு முன் தாய்மாமன் தோளில் பட்டுப் போர்த்த வேண்டும் என்பது நம் குல வழக்கு. நம் அன்னையாருக்கோ உடன்பிறந்தார் இல்லை. மாமன் நிலையில் நிற்பவரே சிறுமியின் பேரால் நாட்டை ஆள்வார் என்பதால் வேளிர் மூவர் அந்தப் பட்டுக்காக அவையில் வாளைத் தொட்டார்கள். உம் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். பழிச்சொல் என்று எண்ணாதீர், நடந்ததைச் சொல்கிறோம்.

இந்த ஓரிடத்தில் நாம் என்று எழுதக் கை வரவில்லை. நான் அப்போது காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அயல் வணிகர் வரிசையிலிருந்து அவர் எழுந்து வந்தார். புள்ளைக்குக் குளுருது, உங்க யாருக்கும் கண்ணு தெரியலையா என்று தமது துறைமுகத் தமிழில் கேட்டுவிட்டு, தாம் அணிந்திருந்த கரடித்தோல் போர்வையைக் கழற்றி என் தோளைச் சுற்றினார். வழக்கு இன்னதென்று அவருக்குத் தெரியாது. அவைமூத்தவர் காரி நம்பியார் கோலைத் தட்டி, தோளில் போர்வை விழுந்தது, போர்த்தியவரே மாமன், இனி வாதம் இல்லை என்றார். சித்திரை நடுப்பகலில் கரடித்தோலுக்குள் இருந்தபடியே முடி சூடினேன். வியர்த்து வழிந்தது, காய்ச்சலும் விட்டது. அன்று முதல் நாடே அவரைப் பனிமாமன் என்றது.

அந்த உறவை அவர் வீணாக்கவில்லை என்பதும் அறிவோம். நாடாளும் பொறுப்பை அவைக்கே விட்டுவிட்டார், ஆனால் மாமன் என்ற பெயரால் மிளகு வாணிகம் முழுவதும் அவர் கைக்குப் போயிற்று. சும்மா இருந்தாலே வியர்க்கும் ஊரில், வியர்ப்பதற்கென்றே நீராவி அறை ஒன்று கட்டினார். ஊர் சிரித்தது, அமைச்சர்களோ வரிசையில் நின்றார்கள். வெந்து சிவந்து வெளியே வந்தவர்கள் அவர் கேட்டதற்கெல்லாம் இலச்சினை வைத்தார்கள். நீரும் அங்கே வியர்த்தவர்தாம், வேளாரே. அவர் புனிதர் அல்லர். ஆனால் நம் பிறந்தநாள் தோறும், எந்தக் கடலில் இருந்தாலும், காய்ச்சல் இல்லையே என்று கேட்டு ஆள் அனுப்பியவர் அவர் ஒருவரே.

தமக்காக இந்நாட்டுக்கு ஒரு குதிரையும் குறைய வேண்டா, தாமே கப்பலேறுவதாக அவர் உம்மிடம் சொன்னதாய் எழுதியிருக்கிறீர். படித்ததும் கண் கலங்கியது, கோபமும் வந்தது. முடிவு செய்யும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்?

ஆதலின் நம் கட்டளை இது. வடபனி நாட்டுப் பொன் அவர் கலங்களில் எவ்வளவு இருப்பினும் தூதரிடம் கொடுத்துவிடும். மிளகின் தனியுரிமை இன்றோடு ஒழிந்தது. சிறு வணிகர் யாவரும் விற்கலாம் என்று பறையறைவியும். குதிரைகள் வாராவிடில் நம் வீரர் நடந்தே போர்க்களம் போவர், நாமும் நடப்போம். ஆளை மட்டும் கேட்க வேண்டா என்று தூதருக்கு உரைப்பீர். தாய்மாமனைக் காட்டிக் கொடுத்த குலம் என்ற பெயர் எமக்கு வேண்டா.

இவ்வோலையோடு ஒரு பேழை வரும். அதில் அந்தக் கரடித்தோல் இருக்கிறது. பூச்சி அரித்தது போக மிச்சம் உள்ளது. நடுப்பகலில், துறை மேடையில், தூதரும் ஊராரும் காண, நம் பேரால் அதை அவர் தோளில் போர்த்துவீர்.

வெயிலில் வியர்த்துப் போவார். வியர்க்கட்டும்; அன்று நானும் வியர்த்தேன்.

நம் ஆட்சியாண்டு முப்பத்தொன்று, சித்திரைத் திங்களில், நம் கையாலேயே எழுதிச் சங்கு இலச்சினை இட்டோம். இக்கட்டளை நிலைக்க, கடல் உள்ளளவும் மாறாது நிற்க.